இரவு தங்கும் வண்டி

அன்புள்ள மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். "பஸ்கூட ஒழுங்காக வராத ஊரில் இன்னும் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் எதற்கு?" என்று போனில் கேட்டாய். ஆள் கணக்கும் பஸ்ஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்பதால் வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நம் ஊர் மக்கள்தொகை என்று எந்தக் கோப்பைப் புரட்டினாலும் 2011 கணக்குதான் இருக்கும். அதை எடுத்தவனே நான்தான். அந்தப் பிப்ரவரியில் பள்ளிக்கூடம் விட்ட கையோடு படிவங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் வந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று நட்டு, அது காய்க்கும்வரை வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்க வழியில்லாதவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கும் கொரோனாவால் தள்ளிப்போனதால், புயலுக்கு முந்தைய ஊர்தான் தாளில் இன்னும் குடியிருக்கிறது.

அந்த எண்ணை அலட்சியமாக நினைக்காதே. 2000-இல் வந்த பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேராவது உள்ள குடியிருப்புக்குத்தான் சாலை என்று விதி; 2001-இல் நான் எண்ணிய தலைகள்தாம் நமக்குத் தார் போட்டன. பஸ் விஷயத்தில் கணக்கெடுப்புப் புத்தகத்தை நம்ப முடியாது. ஊருக்குள் பஸ் வந்தால் "உண்டு" என்று எழுதிவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்தாலும் உண்டு, இருபது தடவை வந்தாலும் உண்டு. நடுப்பகலில் அம்மா மாத்திரை வாங்கப் புறப்பட்டால் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும் என்பதும், ஐப்பசி மழையில் தரைப்பாலத்தின்மேல் முழங்கால் தண்ணீர் ஓட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும் என்பதும் அந்த "உண்டு"க்குள் இல்லை.

இரவு தங்கும் வண்டி உனக்கு நினைவிருக்கும். ஒன்பதரைக்கு வந்து அரசமரத்தடியில் நிற்கும். கண்டக்டர் கடைசி நீள சீட்டில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். விடிகாலை அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, பின்படிக்கட்டு வழியாகப் பலாப்பழங்களை ஏற்றி, அவற்றுக்கு லக்கேஜ் சீட்டு கிழிப்பார். அந்தப் பழ வாசனையோடுதான் நீ பிளஸ் டூ படிக்கப் போனாய். ஆள் குறைந்து வசூல் போதவில்லை என்று இரவு வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியதும், பிள்ளைகளை ஏழு மணி டியூஷனுக்கு அனுப்ப வேண்டிய வீடுகள் பண்ருட்டியிலேயே வாடகைக்குப் போய்விட்டன. அதனால் வசூல் இன்னும் இறங்கியது. இப்போது காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அதுவும் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு கூட்டம் ஏறியதால்தான் நிலைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அடுத்த கணக்கு 2027 மார்ச் 1 நிலவரப்படி எடுக்கப்படும். உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்கிறாள் அம்மா. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாயோ அங்கேதான் உன்னை எண்ண வேண்டும். மூன்று முறை இந்த வேலை பார்த்தவன் நான், பொய் சொல்ல விடமாட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

பொங்கலுக்கு வரும்போது கார் பிடிக்காதே. பண்ருட்டியில் இறங்கி மாலை வண்டியிலேயே வா. பெண்களுக்கும் பூச்சிய ரூபாய்க்கு ஒரு சீட்டு உண்டு. கண்டக்டர் மறந்தாலும் கேட்டு வாங்கு. அந்தச் சீட்டுகளைத்தான் பஸ் விடுகிறவர்கள் எண்ணுகிறார்கள். வரும் தேதியை முன்கூட்டியே சொன்னால், டார்ச் லைட்டோடு அரசமரத்தடியில் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா