ஆறு வாரம் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

மூட்டுவாதத்தை நாமே கையாளக் கற்றுத்தரும் வகுப்பை எங்களுக்கு நடத்திய அக்காவுக்கும் ஐயாவுக்கும், கூட வந்து உதவிய எல்லோருக்கும் எங்கள் குழுவின் சார்பில் வணக்கம்.

உண்மையைச் சொன்னால், யாராவது டாக்டர் வந்து பேசுவார் என்று நினைத்துத்தான் பலர் வந்தோம். நீங்கள் இருவருமே டாக்டர் இல்லை என்றதும் சிலர் முகம் சுருங்கியது. அக்கா தன் வளைந்த விரல்களை மேசைமேல் வைத்து, "எனக்கும் முடக்குவாதம்தான், வருஷக்கணக்கா இருக்கு" என்றார். அப்புறம் கேள்விகள் நிற்கவே இல்லை. ஐந்து நிமிட ஆலோசனையில் கேட்கக் கூச்சப்பட்டதெல்லாம் வெளியே வந்தது: சட்டைப் பொத்தான் போட முடியாதது, விடிகாலை விறைப்பு, காரணம் தெரியாத களைப்பு, காரணம் தெரிந்த எரிச்சல்.

இந்த வகுப்பு முறை உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்று ஐயா முதலிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற செவிலியரும் அவர் குழுவும் 1970களின் இறுதியில் தொடங்கியது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்துபவர்கள் பெரும்பாலும் அதே நோயோடு வாழ்பவர்கள். 1993இல் வெளியான அவர்களது ஆய்வில், நான்கு வருடம் கழித்தும் வலி சுமார் 20 சதவீதமும், டாக்டரைப் பார்க்கப் போவது சுமார் 40 சதவீதமும் குறைந்திருந்தது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு: யார் எவ்வளவு உடற்பயிற்சி செய்தார் என்பதைவிட, 'இதை என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கை யாருக்கு வளர்ந்தது என்பதோடுதான் முன்னேற்றம் கூடுதலாக ஒத்துப்போனதாம்.

நீங்கள் எங்களுக்குச் செய்ததும் அதுதான். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், இந்த வாரம் என்ன செய்ய ஆசை என்று கேட்டீர்கள். "முடிந்தவரை நடக்கிறேன்" என்ற பதிலை ஒருநாளும் ஏற்றதில்லை. எவ்வளவு நேரம், எப்போது, வாரத்தில் எத்தனை நாள்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நம்பிக்கை எத்தனை? தினமும் அரை மணி நேரம் என்ற ஒருவருக்கு நாலுதான் வந்தது. ஏழுக்குக் கீழே என்றால் திட்டத்தைச் சுருக்கணும் என்றீர்கள். பத்து நிமிடம், வாரம் மூன்று நாள் என்றதும் எட்டு. அடுத்த வாரம் செய்யாமல் வந்தவரைத் திட்டவும் இல்லை, "பரவாயில்லை" என்று விடவும் இல்லை. எது தடுத்தது என்று கேட்டு, வழி சொல்வதை மற்றவர்களிடம் விட்டீர்கள். சில யோசனைகள் படுமோசம், ஆனால் சிரித்தோம்.

ஒரு வாரம் வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு நன்றி. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முன்பைவிட அதிகமாக வலித்தால் அடுத்த முறை குறைத்துச் செய்யுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்றார். விறைப்புக்கு வெதுவெதுப்பு, சூடாக வீங்கிய மூட்டுக்குக் குளிர்ச்சி. பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையிலோ தோளிலோ மாட்டுவது. முழங்கால் தேய்மானம் உள்ளவர் ஒரு கிலோ எடை குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும் என்றதைக் கேட்டு, குழுவில் பாதிப்பேர் வயிற்றைப் பார்த்துக்கொண்டோம்.

மருந்தாளுநர் தம்பிக்குத் தனி நன்றி. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை ஒருவர் தினசரி மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் வைத்திருந்ததைப் பார்த்து நீங்கள் பதறியது எங்களுக்குப் பாடம். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. வலி குறைந்ததும் மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, காய்ச்சலோடு ஒரு மூட்டு திடீரென வீங்கினால் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடணும் — மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கூட வந்த வீட்டுக்காரர்களே, "நீ உட்காரு, நான் பார்த்துக்கறேன்" என்பது அன்புதான். ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொன்னபோது கோபப்படாமல் கேட்டுக்கொண்டீர்களே, அதற்கு நன்றி. "இந்த வயசில் மூட்டு வலியா?" என்று கேட்டுக் கேட்டே வாயடைக்கப்பட்டிருந்த எங்கள் குழுவின் இளையவளுக்கும் நன்றி, அவள் வாய் திறந்த பிறகுதான் மனச்சோர்வைப் பற்றி எல்லோரும் பேசினோம்.

அக்கா, ஐயா, வகுப்பு நடத்துவதற்கான பயிற்சிக்கு எங்களில் இருவர் பெயர் கொடுத்திருக்கிறோம். நம்பிக்கை ஏழுக்கு மேலேதான். கையேட்டை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.