வண்டியை விட்டு இறங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு மூத்த ரோந்துக் காவலர் ஒருவர் சொன்ன பதில்களைப் படித்தேன். நானும் 26 ஆண்டுகள் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாகனச் சோதனையின்போது கைகளை ஸ்டீயரிங் மேல் வைக்கச் சொல்வது மிரட்டுவதற்கல்ல, எங்கள் பயத்துக்காகத்தான் என்று ஒப்புக்கொண்டாரே, சபாஷ். அதை வெளியே சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம்.

ஆனால் "ரோந்து வண்டி சும்மா சுற்றுவதால் என்ன பயன்?" என்று ஒரு வாசகி கேட்டதற்கு, வண்டியைப் பார்த்தாலே திருடன் பயப்படுவான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கேதான் உறுத்துகிறது. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

1972-73இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மொத்தம் 15 ரோந்துப் பகுதிகள். ஐந்தில் வழக்கமான ரோந்தே கிடையாது, யாராவது கூப்பிட்டால் மட்டும் போவார்கள். ஐந்தில் எப்போதும்போல. மீதி ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு வண்டிகள். ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், குற்றங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மக்களின் பயமும் அப்படியே இருந்தது.

அதற்காக ரோந்தே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. குற்றம் எல்லாத் தெருவிலும் சமமாக நடப்பதில்லை, சில முனைகளில்தான் திரும்பத் திரும்ப நடக்கும். 2009இல் அதே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அப்படிப்பட்ட 60 இடங்களில் காவலர்களை நடக்கவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற இடங்களைவிட வன்முறைக் குற்றங்கள் 23 சதவீதம் குறைந்தன. நாள் முழுக்க நிற்கவும் வேண்டாம். ஒரு முனையில் 10, 15 நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் கொஞ்ச நேரம் அமைதி இருக்கும் என்று அங்கேயே மினியாபொலிஸ் என்ற நகரில் கண்டார்கள்.

எனக்கு இது புரிந்தது ஓர் இரவு இரண்டு மணிக்கு. என்னோடு வந்த மூத்தவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஓரமாக நின்ற வேனின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. பக்கத்துக் கடையின் ஷட்டரில் பூட்டு ஒழுங்காகத்தான் தொங்கியது. அவர் லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஆள் உள்ளேயே இருந்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே கடையைத்தான் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு கடந்து போயிருந்தோம். நான் பூட்டைப் பார்த்து, சரி என்று தலையாட்டியதுகூட நினைவிருக்கிறது.

எனவே அடுத்த இதழில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் போடுங்கள்: ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை வண்டியை விட்டு இறங்குவார்? என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு வருடம், மழை என்றால் ஒரு முறைகூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரோந்துக் காவலர்