விட்டுப்போன எட்டு ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு மலரில் புதுச்சேரியின் பிரெஞ்சு மணம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மஞ்சள் சுவர், காகிதப்பூ, காபிக்கடை என்று படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று கைமாறியது நிர்வாகம் மட்டுமே. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். எட்டு ஆண்டுதானே என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. எங்கள் வீடு இரண்டு நாடானது அந்த 1962-இல்தான்.

இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பெரியப்பா ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். சைகோனில் இருந்துவிட்டு வந்து பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கியவர். எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா கொடுக்கவில்லை. தாத்தா ஆலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்து விழுந்ததைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர். அந்தக் கதை அண்ணன் காதில் ஏறவில்லை, தம்பி காதில் ஏறிவிட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. அவர்கள் சண்டை போட்டதாக நினைவில்லை. ஒரே முற்றம், ஒரே கிணறு.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பெரியப்பா பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போவார். திரும்பியதும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “கருவாட்டுக் குழம்பு ஆயிற்றா?” என்பார். அவருடைய பிள்ளைகள் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு வாக்களிக்கிறார்கள்; நான் நான்கு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிறேன்.

என் பிறப்புச் சான்றிதழ் பிரெஞ்சில் இருக்கிறது. லட்சுமி என்ற பெயரில் ‘டி, சி, ஹெச்’ மூன்றும் சேர்ந்து நிற்கும். நடுவே வரும் உகரத்துக்கு ‘ஓ, யூ’ என்று இரண்டு எழுத்து. சென்னையில் ஒரு வங்கியில் இளைஞர் ஒருவர், “பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதே அம்மா, திருத்திக்கொண்டு வாருங்கள்” என்றார். முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்தியவள் நான்.

இன்னொன்று. இணைப்புக்குப் பொதுமக்கள் வாக்களித்ததாகவும் கட்டுரை சொல்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. அந்த எட்டுப் பேரைப் பற்றி மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பெரியப்பா மட்டும் பேசுவார், அதுவும் அப்பா வீட்டில் இல்லாதபோது.

திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை உங்கள் புகைப்படக்காரர் வந்தால், பிரெஞ்சுக்காரர் பகுதியைத் தமிழர் பகுதியிலிருந்து பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி முத்தியால்பேட்டை வரை வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுத் திண்ணையை இன்னும் இடிக்கவில்லை.

லட்சுமி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.