பெட்டூனியா நாற்று ஏன் விழுந்தது?

ஸ்காபரோ,
மார்ச் 5

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டூனியாப் பூங்கன்றின் நாற்றெல்லாம் வெள்ளை நூல் மாதிரி நீண்டு யன்னல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதில் நாலைந்து மண்ணோடு படுத்துவிட்டது. படுத்ததில் ஒன்றின் அடியைப் பார். மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு நகத்தால் நசித்ததுபோல மெலிந்து, தண்ணி ஊறின நிறத்தில் இருக்கும். மேலே இலை மட்டும் இன்னும் பச்சையாக இருக்கும். இது நாற்றழுகல். நீண்டது வெளிச்சம் போதாமல், விழுந்தது ஈரம் கூடி. விதையில் ஒரு பழுதும் இல்லை.

மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதே, மண்ணோடு எறிந்துவிடு. தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவிடு. திரும்ப விதைக்கக் காலம் இருக்கிறது. பெட்டூனியாவுக்கு வீட்டுக்குள் 10 முதல் 12 கிழமை வேண்டும். மேற்குக் கனடாவில் நீ இருக்கிற கல்கரியில் மே கடைசியிலும் உறைபனி விழும் என்பதால் நீ ஜூன் முதல் கிழமைக்கு முன் வெளியே நடப்போவதில்லை. மார்ச் 15க்குள் விதைத்தால் கணக்குச் சரி. மே பிற்பகுதியில் வருகிற விக்ரோறியா நாள் லீவோடு நடுகிற வழக்கம் எங்கள் ரொறன்ரோப் பக்கத்துக்குச் சரி; ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிற உன் ஊருக்கு அது அவசரம்.

வெறும் பெட்டூனியா விதை ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 இருக்கும், தூசி மாதிரி. புகையிலை விதையைக் கண்டவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டும் ஒரே குடும்பம்; பெட்டூனியா என்ற பெயரே புகையிலையைக் குறிக்கிற தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல்லில் இருந்து வந்ததுதான். புகையிலை விதையைச் சாம்பலோடு கலந்து தூவுகிறது, ஒரே இடத்தில் குவியாமல் விழட்டும் என்று. இங்கே அந்த வேலையைக் கம்பனிக்காரர் களிப்பூச்சால் செய்துவிடுகிறார்கள். பூசின விதை கடுகை விடச் சின்ன உருண்டையாக இருக்கும், ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்கு.

அந்தப் பூச்சில்தான் பலபேர் பிழை விடுகிறது. பூச்சு முழுக்கக் கரைந்தால்தான் விதைக்குள் தண்ணி போகும். பாதி நனைந்து திரும்பக் காய்ந்தால் அது சீமெந்து மாதிரி இறுகி, உள்ளே முளைக்கத் தொடங்கின விதையைக் கொன்றுவிடும். கல்கரியின் குளிர்காலக் காற்று ஹீற்றரோடு சேர்ந்து எவ்வளவு வறண்டது என்று உனக்கே தெரியும், இரண்டு மணித்தியாலம் மூடாமல் விட்டாலே போதும். விதைத்த அடுத்த நாள் காலை டோர்ச் அடித்துப் பார். உருண்டை உடைந்து பரவி, வெள்ளைப் பொட்டு மாதிரித் தெரிந்தால் சரி. இன்னும் உருண்டையாகவே இருந்தால் பல்லுக்குச்சி நுனியால் ஒரு சொட்டுத் தண்ணியை அதன் தலையில் வை.

மண் விஷயத்தில் படத்தில் இருந்த கறுப்பு மண் வேண்டாம். தோட்டத்து மண்ணோ, போன வருஷச் சாடி மண்ணோ, அழுகல் பூஞ்சையைக் கூடவே கொண்டுவரும். விதை போடுவதற்கென்று விற்கிற பீற் (peat, சதுப்புநிலப் பாசி மக்கின நார்) கலவை ஒரு பை வாங்கு. காய்ந்த பீற் தண்ணியை உறிஞ்சாது, மேலே மிதக்கவிட்டு வேடிக்கை பார்க்கும். வாளியில் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுப் பிசைந்து அரை மணித்தியாலம் வை. கைப்பிடியை இறுக்கினால் இரண்டு மூன்று சொட்டு விழவேண்டும், ஒழுகக்கூடாது. 72 குழித் தட்டில் நிரப்பி, விரலால் மெல்லத் தட்டிச் சமன் செய். அமுக்காதே.

ஒரு குழிக்கு ஒரு விதை. மேலே வை, மண் போட்டு மூடாதே. பெட்டூனியா வெளிச்சம் பட்டு முளைக்கிற விதை, மூடினால் கீழேயே கிடந்து செத்துப்போகும். புகைபோல விழுகிற தெளிப்பானால் இரண்டு தரம் நனைத்து, பிளாஸ்ரிக் மூடியைப் போட்டு, லைற்றுக்குக் கீழே வை. மண் 24, 25 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். பேஸ்மென்டில் காற்று 18 என்றால் மண் அதைவிடக் குளிர்ந்திருக்கும், ஆகவே தட்டுக்குக் கீழே ஹீற் மாற் (மின்சாரத்தில் சூடாகிற விரிப்பு) போடு. ஐந்து முதல் பத்து நாளில் குண்டூசித் தலையளவு பச்சை தெரியும்.

இங்கே கவனம். பாதி முளைத்தவுடன் மூடியைக் கொஞ்சம் சாய்த்து வை, இரண்டு நாளில் முழுக்க எடுத்துவிடு. ஹீற் மாற்றையும் அகற்று. படத்தில் உன் மூடி உள்ளே வேர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தது. முளைத்த பிறகும் மூடி வைத்தால் அந்தப் புழுக்கம் பூஞ்சைக்குச் செய்துகொடுத்த வீடு. கறுவாத் தூள் தூவச் சொல்லுவார்கள். தண்ணியைக் குறைக்காமல் கறுவா தூவிப் பயனில்லை, கறியே வைக்கலாம். ஒரு சின்ன மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிடு, நாற்று லேசாக அசைந்தால் போதும்.

இனித் தண்ணியை மேலால் ஊற்றாதே. கீழ்த் தட்டில் ஒரு அங்குலம் விட்டு, இருபது நிமிடம் பொறுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடு. அடுத்த தரம் எப்போது என்று நாட்கணக்கு வைக்காதே, தட்டைத் தூக்கிப் பார். பாரம் குறைந்து, மேல்மண் வெளிறின மண்ணிறம் ஆனபிறகு விடு. மேல் ஈரம் காயாமல் இருந்தால் சின்னக் கறுப்பு ஈக்களும் வரும். அதன் புழு இளவேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று குத்தி வைத்தால் எத்தனை பறக்கிறது என்றாவது தெரியும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். யன்னல் வெளிச்சம் மார்ச் மாதத்தில் கண்ணுக்குத்தான் காணும், கன்றுக்குக் காணாது. ஊதா நிறத்தில் எரிகிற விலை கூடின லைற் ஒன்றும் வேண்டாம். அதற்குக் கீழே இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. நாலு அடி வெள்ளை எல்.ஈ.டி. கடை லைற், பெட்டியில் வெளிச்சத்தின் நிற அளவு 5000கே அல்லது 6500கே என்று போட்டிருக்கிறது, இரண்டு வாங்கிப் பக்கத்துப் பக்கமாகச் சங்கிலியில் தொங்கவிடு. அதற்குக் கீழே 10க்கு 20 அங்குலத் தட்டு இரண்டை நீளவாக்கில் அடுக்கலாம். இலைக்கும் லைற்றுக்கும் இடையில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் விடு. நாற்று நீண்டால் லைற்றை இறக்கு. மேல் இலை வெளிறிக் கரையில் காய்ந்தால் உயர்த்து. தட்டின் ஓரத்தில் வெளிச்சம் குறைவு, கிழமைக்கு இரண்டு தரம் தட்டைத் திருப்பி வை.

ரைமர் போட்டு 16 மணித்தியாலம் எரியவிட்டு 8 மணித்தியாலம் அணை. பெட்டூனியா நீண்ட பகலுக்குப் பூக்கிற கன்று. 10 மணித்தியால வெளிச்சத்தில் கிளை விடும், மொட்டு விடப் பிந்தும். படருகிற ‘வேவ்’ வகைக்கு இது இன்னும் கூட.

முளைத்த முதல் மூன்று கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். வளரவில்லையே என்று உரமும் தண்ணியும் விட்டுத்தான் பலர் கெடுக்கிறது. அந்தக் காலத்தில் வேர்தான் ஓடும். சூட்டைக் குறை: பகலில் 18, 20 பாகை, இரவில் 16. சூடு கூடினால் லைற் பக்கத்தில் இருந்தாலும் நீளும். முதல் வருகிற விதையிலையைக் கணக்கில் எடுக்காமல், இரண்டு சோடி உண்மை இலை வந்தபிறகு 20-20-20 (நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் சமமாகப் போட்ட) உரம், ஒரு லீற்றருக்கு அரைக் கிராம், கிழமைக்கு ஒருதரம். அரைக் கிராம் என்றால் தேக்கரண்டியின் நுனி அளவு. டப்பாவில் எழுதின அளவைப் போட்டால் இலைக்கரை கருகும்.

உன் ஊர்த் தண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கல்கரிக் குழாய்த் தண்ணி கடினத் தண்ணி, சுண்ணாம்பு கூட. அதை விட விட மண்ணின் காரத்தன்மை ஏறும். பெட்டூனியா பிஎச் (மண்ணின் அமில-கார அளவு) 5.5 முதல் 6.2 வரைக்கும்தான் சந்தோஷமாக இருக்கும். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. அடையாளம், நுனியில் புதிதாக வருகிற இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். கீழ் இலை மஞ்சளானால் அது வேறு, நைதரசன் காணாது என்று அர்த்தம். நுனி மஞ்சளுக்கு உரத்தைக் கூட்டாதே. இரும்புக் கீலேற்று, அதாவது வேர் எடுக்கக்கூடிய வடிவில் இருக்கிற இரும்பு, வாங்கிப் பெட்டியில் சொன்ன அளவுக்கு ஒருதரம் விடு, ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை என்றால் காரமண்ணிலும் வேலை செய்யும். வீட்டில் தண்ணியை மென்மையாக்குகிற மெஷின் இருந்தால் அந்தத் தண்ணியை விடவே கூடாது, அதில் சோடியம். இலவசமாக ஒரு வழி இருக்கிறது: பின்வளவு ஸ்நோவை வாளியில் அள்ளி உருக்கு. உப்புப் போட்ட நடைபாதைப் பக்கத்தில் அள்ளாதே. புது ஸ்நோ பத்து வாளி உருகினால் ஒரு வாளிதான் வரும், ஒரு தட்டுக்கு அது தாராளம். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு விடு.

மற்றதெல்லாம் லேசு. மூன்று நாலு சோடி இலையில் மூன்றங்குலச் சாடிக்கு மாற்று. தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்கு, தண்டு நசிந்தால் கன்று போச்சு. ஆறேழு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளு. மொட்டோடு கிள்ள மனம் வராது, கிள்ளு. வேவ் வகை தானே கிளைக்கும், அதை விட்டுவிடு. சிகரெட் பிடிக்கிற சிநேகிதர்கள் வந்தால் கை கழுவாமல் கன்றைத் தொடவிடாதே. குடும்பம் ஒன்று என்று சொன்னேனே, புகையிலைத் தேமல் வைரஸ் கையோடு வரும்.

நீ செம்மஞ்சள் நிறம் கேட்டிருந்தாய். பெட்டூனியாவுக்கு அந்த நிறம் இயற்கையில் வராது. 1987இல் ஜேர்மனியின் கொலோன் (Köln) நகரில் சோளத்தின் ஜீன் ஒன்றைப் புகுத்தி அந்த நிறத்தை எடுத்தார்கள். அது எப்படியோ வியாபார விதைக்குள் கலந்து, 2017இல் பின்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதோடு அங்கேயும் அமெரிக்காவிலும் அந்த விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். நீ சல்மன் நிறத்தோடு திருப்திப்படு. பெரிய பூக்காரக் கிராண்டிபுளோராவும் வேண்டாம், உன் ஊர் ஆலங்கட்டி மழைக்கு ஒரு பின்னேரத்தில் கந்தலாகும். சின்னப் பூ மல்ரிபுளோராவோ வேவ்வோ அடிபட்டாலும் ஒரு கிழமையில் திரும்பப் பூக்கும்.

மே கடைசியில் வெளியே பழக்கு. முதல் நாள் நிழலில், காற்றுப் படாத இடத்தில் ஒரு மணித்தியாலம். பத்து நாளில் முழு வெயில். லைற்றுக்குக் கீழே வளர்ந்த இலை நேர் வெயிலைக் காணாதது, அவசரப்பட்டால் வெள்ளைப் பொட்டாக எரியும். இரவு 7 பாகைக்குக் கீழே போனால் உள்ளே எடு.

விதைத்துப் பத்தாம் நாள் படம் அனுப்பு. மேலே இருந்து எடுக்காதே. தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தண்டு மண்ணைத் தொடுகிற இடம் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டில் எடு.

அன்புடன்,
அப்பா