அண்ணனின் ரிப்போர்ட்டும் அந்த 30 சதவீதமும்

அன்பு நண்பா,

ஈப்போவில் விடாமல் மழை என்று எழுதியிருந்தாய். இங்கே சிங்கப்பூரிலும் மதியமானால் கொட்டித் தீர்க்கிறது. ரிட்டையர் ஆன பிறகு தேக்கா சந்தைதான் என் ஆபீஸ், நன்றாகத்தான் இருக்கிறேன்.

சரி, உன் அண்ணனின் சிறுநீர்ப்பைப் புற்று விஷயம். ரிப்போர்ட்டில் கேஐ-67 30 சதவீதம், பி53 பாசிட்டிவ் என்றிருப்பதைப் பார்த்துவிட்டு "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்டிருக்கிறாய். அந்த எண்ணை வைத்து ஆயுளைக் கணக்குப் போட முடியாதுடா.

லேப்பில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சுரண்டியெடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவோம். ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன்மேல் விட்டால், புரதம் உள்ள உட்கரு பழுப்பாகும். மற்றவை நீலமாகவே நிற்கும். கேஐ-67 பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் இருக்கும் புரதம். அண்ணனுக்கு எண்ணிய புற்றுச் செல்களில் நூற்றுக்கு முப்பது பழுப்பு, அவ்வளவுதான். ஸ்லைடின் வேறு மூலையை எண்ணியிருந்தால் வேறு எண் வந்திருக்கும். எது 'அதிகம்' என்பதும் லேப்புக்கு லேப் மாறும்.

பி53 என்ற புரதம் இன்னும் குழப்படி. ஒழுங்கான பி53 சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் அங்கங்கே லேசாகத்தான் பழுப்பு தெரியும். மரபணு கெட்டால் புரதம் தேங்கி அடர் பழுப்பாகும். வேறுவிதமாகக் கெட்டாலோ புரதமே இல்லாமல் புற்றுச் செல்கள் எல்லாம் வெறும் நீலமாக இருக்கும். அதுவும் கோளாறுதான், ஆனால் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவார்கள்! 1979-ல் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் பிற்பாடு இங்கே சிங்கப்பூரில்தான் பி53 ஆய்வுக்கூடம் நடத்தினார். இவ்வளவு ஆராய்ந்தும், சிறுநீர்ப்பைப் புற்றில் இந்தப் பழுப்புக் கறையை மட்டும் நம்பி யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. நிறைய நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஒரு ஆளுக்கு ஆரூடம் சொல்ல அது உதவாது. ஹெர்2 என்ற இன்னொரு புரதத்தைக் காட்டுவது போன்ற கறைகள் நோய் முற்றியபோது மருந்து தேர்ந்தெடுக்க உதவும், அது அண்ணன் கதையில்லை.

எனக்குக் கவலை தந்தது கடைசிப் பக்கத்தில் நீ கவனிக்காமல் விட்ட ஒரு வரி: "மாதிரியில் தசை அடுக்கு இல்லை." கட்டி டி1, ஹை கிரேடு என்றிருக்கிறது, அதாவது உள்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கில் இறங்கிவிட்டது (டி1), செல்களும் முரட்டு வகை (ஹை கிரேடு). தசைக்குள் போனதா என்பதுதான் கேள்வி. அதற்குத் தசையே எடுக்கப்படவில்லையே! இப்படியிருந்தால் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி சுரண்டிப் பார்ப்பது வழக்கம். தசையைத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் பிசிஜி கொடுப்பார்கள்: காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமி, வாரம் ஒருமுறை என்று ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் விடுவது. தொட்டிருந்தால் பையையே எடுக்கும் பேச்சு வரலாம்.

ஆகவே டாக்டரிடம் சதவீதத்தை விட்டுவிட்டு, மறு சுரண்டல் எப்போது என்று கேள். அப்புறம், அண்ணன் இன்னும் சிகரெட் பிடிக்கிறாரா? இந்த நோய்க்கு முதல் காரணமே அதுதான். நீ சொன்னால் கேட்க மாட்டார், அண்ணியை விட்டுச் சொல்லச் சொல். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, போன முறை மூன்றாம் பக்கம் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்