புல் வெட்டும் டெண்டரில் ஆளையும் சேர்த்து எழுதுங்கள்: உள்ளாட்சி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும், பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும், அவர்களிடம் புல் வெட்டும் வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

நான் கொங்கு நாட்டுப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பெட்ரோல் எஞ்சின் பழுது பார்க்கிறவன். பவர் ஸ்பிரேயர், செயின் சா, புல்வெளி மெஷின் எல்லாம் கடைக்கு வரும். மழை முடிந்து புல் இடுப்பளவு நிற்கிற மாதங்களில் நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றும் பிரஷ் கட்டர்தான் அதிகம். பூங்கா, சாலையோரம், மயானம், பள்ளி மைதானம், குடிநீர்த் தொட்டி வளாகம் என்று உங்கள் இடங்களில் ஓடுகிற மெஷின்கள் அவை. அவை என்ன கோலத்தில் வருகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

பாதிக்கு மேற்பட்ட மெஷின்களில் கார்டு இருப்பதில்லை. பிளேடுக்கு மேலே, ஆள் நிற்கிற பக்கமாக ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். ஈரப்புல் கார்டுக்குள் சுற்றிக்கொள்கிறது, அடிக்கடி நிறுத்திச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கிறது, அதற்குள் பக்கத்து ஆள் முன்னே போய்விடுகிறார். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று நீங்கள் ஒப்பந்ததாரருக்குத் தருகிறீர்கள். ஓர் ஆள் ஒரு நாளில் இவ்வளவு முடிக்க வேண்டும் என்று அவர் கணக்கு வைக்கிறார். அந்தக் கணக்கில் கார்டைச் சுத்தம் செய்யும் நேரம் இல்லை, எஞ்சின் ஆறும் நேரம் இல்லை, பிளேடு தீட்டும் நேரமும் இல்லை. கார்டு கழன்றது டெண்டர் எழுதிய மேசையில்தான் என்பது என் எண்ணம்.

அந்த பிளாஸ்டிக் துண்டு எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. நம் சாலையோரப் புல்லுக்குள் ஜல்லி, பாட்டில் சில்லு, கம்பித் துண்டு, தேங்காய் ஓடு எல்லாம் கிடக்கும். பிளேடில் பட்டால் எதுவும் அதே இடத்தில் கிடக்காது. மெஷினோடு வரும் கையேடுகள், வெட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்கின்றன. 15 மீட்டர் என்றால் ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம். பள்ளிக்கூடம் நடக்கும்போதே மைதானத்தில் வெட்டச் சொல்கிறோம். பஸ் நிறுத்தத்தில் ஆள் நிற்கும்போதே பின்னால் வெட்டச் சொல்கிறோம். இரண்டு பேர் அருகருகே வெட்டினால் ஒருவர் எறிகிற கல் இன்னொருவர் மீதுதான் விழும்.

கல்லைவிட எனக்குப் பயம் தருவது புல்லின் சிராய்தான். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு வேலையின்போது கண்ணில் தூசு விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அன்றைய வேலையை முடித்தார். மறுநாள் கண் சிவந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு இருந்தது அவருக்குத் தெரியாது. கண் மருத்துவரிடம் போவதற்குள் கருவிழியில் பூஞ்சைப் புண் ஏறிவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் வெள்ளைத் தழும்பு. எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. வேலை வாங்கியவர் ஆட்டோ செலவுக்குப் பணம் கொடுத்ததோடு சரி. தென்னிந்தியாவில் செடி, புல், வைக்கோல் பட்டு வரும் கருவிழிப் புண்ணில் பூஞ்சை பெரும் பங்கு வகிக்கிறது என்பது மதுரைக் கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் அது வேகமாகப் பரவும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஊற்றுவதும் கூடாது. கண்ணில் ஏதாவது பட்டு மறுநாளும் உறுத்தினால் அன்றே கண் மருத்துவர்தான். இதை ஒவ்வொரு மேஸ்திரிக்கும் சொல்லி வையுங்கள்.

முகத்துக்கு வலை மாஸ்க் கொடுத்துவிட்டோம் என்று சில ஒப்பந்ததாரர்கள் சொல்கிறார்கள். வலை கல்லைத் தடுக்கும்; தூசையும் சிராயையும் முழுதாகத் தடுக்காது. உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். இரண்டையும் போட்டுக்கொண்டு மதியம் 12 மணி வெயிலில் யாராலும் நிற்க முடியாது. வியர்வையில் கண்ணாடி மங்கும், கழற்றிவிடுவார்கள். அதனால் மாஸ்க் கொடுப்பதோடு வேலை நேரத்தையும் விடியலுக்கு மாற்ற வேண்டும். நேரத்தை மாற்றாமல் மாஸ்க் மட்டும் கொடுத்தால் அது சைக்கிள் ஹேண்டில் பாரில்தான் தொங்கும்.

ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் ஒதுங்கவும் முடியாது. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டாலும், அதை விட்டவருக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு என்று 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே வைத்தது. உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை அதன் தொழிலாகவே கருத வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஒப்பந்த வேலைக்கான இந்தப் பொறுப்பு இருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை போய், மற்றொரு கண் நன்றாக இருந்தால், சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. அந்த இளைஞருக்கு இதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோல். பங்கில் பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள். அது சரிதான். ஆனால் அப்புறம் என்ன நடக்கிறது? மேஸ்திரியின் பைக் டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சித் தண்ணீர் பாட்டிலில் பிடிக்கிறார்கள். உறிஞ்சும்போது கொஞ்சம் நுரையீரலுக்குள் போனால் போதும், மூச்சுக்குழாய் வெந்து உயிருக்கே ஆபத்தாகும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும்போது அதே பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கும். நேரே மருத்துவமனைதான். அந்தப் பாட்டிலையும் குடிதண்ணீர் பாட்டிலையும் ஒரே மர நிழலில் வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை மொத்தம் 30 லிட்டருக்கு மிகாமல், ஒவ்வொரு கேனும் 25 லிட்டரைத் தாண்டாமல், உரிமம் இன்றி வைத்துக்கொள்ள பெட்ரோலியச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு நல்ல உலோகக் கேன் வாங்கிக் கொடுத்து, பங்க்காரர்களோடு அலுவலகமே பேசி ஏற்பாடு செய்தால் இந்த உறிஞ்சல் வேலை நின்றுவிடும்.

எங்கள் பக்கம் முதுகில் மாட்டும் மெஷின் அதிகம். எஞ்சினும் டேங்கும் ஆளின் முதுகில் இருக்கும். அதைக் கழற்றி இறக்கி மறுபடி மாட்டச் சோம்பல்பட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பின்னால் நின்று பெட்ரோல் ஊற்றுவார். கீழே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு மடக்கு சிந்தினாலும் சட்டையோடு தீப்பற்றும். எஞ்சினை நிறுத்தி, இறக்கி, ஆறவிட்டு, அப்புறம்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். அதனால் ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாமல் குறைந்தது 3 மீட்டராவது தள்ளிப்போய்க் கயிற்றை இழுக்க வேண்டும். பீடி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு சேர்க்கும் 2டி ஆயில் கலப்பதையும் மூடிக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. 50-க்கு 1 என்று போட்ட மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் சைலன்சரில் கரி அடைக்கும். வழக்கமான நாலு ஸ்ட்ரோக் மெஷினுக்குக் கலக்கக் கூடாது, அதற்குத் தனி எஞ்சின் ஆயில். ஒரே கிடங்கில் இரண்டு வகையும் இருந்தால் டேங்க் மேலே பெயிண்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இப்போது வந்திருக்கும் புதிய சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பங்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பல பிரஷ் கட்டர்களின் கையேடு 10 விழுக்காடு வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் கூடும்போது எஞ்சினுக்குள் காற்றின் பங்கு அதிகமாகி, ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறக்கூடும். இந்த மெஷின்களில் எஞ்சினைப் பிளேடோடு இணைக்கும் கிளட்ச், வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடிக்கும் வகை. ஐடிலிங் ஏறினால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 2008-இல் வெளியிட்ட சோதனை அறிக்கையில், கையில் பிடிக்கும் மூன்று டிரிம்மர்களில் 15, 20 விழுக்காடு எத்தனாலில் இப்படியே கிளட்ச் தானாகப் பிடித்தது பதிவாகியிருக்கிறது. நம் ஆட்கள் ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்கு நடக்கும்போது பிளேடு முழங்காலுக்கு அருகில்தான் தொங்குகிறது. மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சுற்றும் பிளேடும் தசையை வெட்டும்.

சோதிப்பது எளிது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் ஆக்சிலேட்டரை முழுதாக விட வேண்டும். பிளேடு நின்றால்தான் அந்த மெஷின் வேலைக்குப் போகலாம். நிற்கவில்லை என்றால் கார்புரேட்டரில் ஐடில் திருகைக் குறைக்க வேண்டும். குறைத்தும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும், கடைக்கு அனுப்புங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காமல் வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும். சீசன் முடிந்து மெஷினை மூலையில் வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும்.

சர்வீஸ் செய்யும்போதும் கை போகிறது. பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். தள்ளிக்கொண்டு போகும் புல்வெளி மெஷினில் இது இன்னும் முக்கியம். அதில் பிளேடு நேரே எஞ்சின் ஷாஃப்டில் இருக்கிறது. அடியில் கைவிட்டுப் பிளேடைச் சுற்றினால் பிஸ்டனும் நகரும், பொறி விழும், எஞ்சின் ஒரு துடிப்பு துடிக்கும். விரல் போக அது போதும். அந்த மெஷினின் கைப்பிடியில் ஒரு கம்பி இருக்கும், விட்டால் பிளேடு நிற்க வேண்டும். 3 நொடிக்குள் நின்றாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் விதி. இங்கே பல இடங்களில் அந்தக் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிரஷ் கட்டர் பிளேடு நட்டு பெரும்பாலும் இடமரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்த் திசையில் முழு பலத்தோடு இழுத்து, ஸ்பேனர் வழுக்கி, உள்ளங்கை பிளேடில் கிழிந்து வந்தவர்களுக்குத் துணி கட்டி அனுப்பியிருக்கிறேன். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டுவதும், நைலான் கயிற்றுக்குப் பதில் பைக் பிரேக் கேபிளோ சங்கிலியோ மாட்டுவதும் கொலைக்குச் சமம். சங்கிலிக் கண்ணி கழன்று பறந்து உயிர் போன பிறகு, கண்ணி கோத்த உலோக வெட்டும் தலைகளை ஐரோப்பிய ஆணையம் 2012-இல் சந்தையிலிருந்தே விலக்கியது. நம் ஊர்க் கடைகளில் அவை இன்னும் தொங்குகின்றன. உங்கள் வேலைக்கு வரும் மெஷினில் இருந்தால் அன்றே அதைத் திருப்பி அனுப்புங்கள்.

காதையும் மறக்க வேண்டாம். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. பல இரண்டு ஸ்ட்ரோக் மெஷின்கள் முழு வேகத்தில் அந்த அளவை ஒட்டித்தான் கத்துகின்றன. நாளெல்லாம் அதிர்வு ஏறிய கை, ராத்திரி சோற்றைப் பிசையும்போது மரத்துப்போகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரே ஆளை நாள் முழுக்க மெஷினோடு விடாமல் மாற்றி மாற்றி விட்டால் காதுக்கும் கைக்கும் ஓய்வு கிடைக்கும்.

அதனால் அடுத்த முறை புல் வெட்டும் டெண்டர் விடும்போது, பரப்பளவோடு ஆளையும் சேர்த்து எழுதுங்கள். கார்டு இல்லாத மெஷின் வேலைக்கு வரக் கூடாது என்று எழுதுங்கள். கண்ணாடி, வலை மாஸ்க், காதடைப்பு, பூட்ஸ், உலோகக் கேன் ஆகியவற்றுக்கு விலைப்பட்டியலில் தனி வரி வையுங்கள். மொத்தத் தொகைக்குள் மறைத்தால் அவை வாங்கப்படாது. சுத்தம் செய்வதற்கும் சர்வீஸுக்கும் ஆகும் நேரத்தைக் கூலி நேரமாகச் சேருங்கள். பள்ளி நேரத்தில் பள்ளி வளாகத்தில் வெட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பில் பாஸ் பண்ணும் முன் உங்கள் மேற்பார்வையாளர் ஒரு நாள் காலையில் அறிவிப்பில்லாமல் போய், ஆக்சிலேட்டரை விட்டதும் பிளேடு நிற்கிறதா என்று பார்க்கட்டும்.

பயிற்சிக்கு ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னைப் போல ஊருக்கு ஒரு மெக்கானிக்காவது இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் அலுவலக வளாகத்தில், அந்த நாளுக்கான கூலியைக் கொடுத்து ஆட்களை உட்கார வையுங்கள். மெஷினைப் பிரித்துக் காட்டவும் பெட்ரோல் கலந்து காட்டவும் நான் வருகிறேன். எனக்குப் பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சிறு எஞ்சின் மெக்கானிக்