வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பழைய கேம் தளங்களும் நீங்கள் எடுத்து வைக்கவேண்டிய கோப்புகளும்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"முந்திப் போட்டுத் தந்த அதே காரைத் திரும்பப் போட்டுத் தாங்கோ" என்று கம்பியூட்டரோடு வருகிறவர்களுக்கு இப்போது பல தடவை இல்லையென்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. சான் அன்ட்ரியாஸ், வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆகிய கேம்களில் கூடுதலாகச் சேர்க்கும் கார், ஸ்கின் (ஆட்களின் தோற்றம்), மேப் எல்லாம், அதாவது 'மொட்'கள், ரசிகர்கள் செய்து, தாங்களே நடத்திய தளங்களில் இலவசமாக வைத்தவை. அந்தத் தளங்கள் ஒவ்வொன்றாக இல்லாமற் போகின்றன.

இவை பெருகிய காலம் வன்னிக்குக் கிடைக்காத காலம். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் யாருக்கும் இலவசமாக இடம் கொடுத்தது. ஒரு கேமில் பைத்தியமான ஒருவர் அங்கே ஒரு பக்கம் திறந்து, வழிகாட்டிக் குறிப்பு, மேப், கோப்பு என்று சேர்க்கச் சேர்க்க அது பெரிய தளமாகும். சான் அன்ட்ரியாஸ் கம்பியூட்டருக்கு வந்த 2005இல் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மின்சாரமே பெரும்பாலும் ஜெனரேட்டரில்தான். ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது 2009 ஒக்டோபர் 26. அந்த நேரம் எங்கள் சனம் பெரும்பாலும் முகாமில். பிறகு கரண்ட் வந்து, பழைய கம்பியூட்டர்கள் வீடுகளுக்கு வந்தபோது, சந்தை கலையத் தொடங்கியிருந்தது. ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றவை அந்தக் கேம்கள்தான். சான் அன்ட்ரியாஸ் 256 எம்பி ரேமில் ஓடும்.

தளம் விழுவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. டொமைனுக்கும் (தளத்தின் பெயர்) சேர்வருக்கும் (தளம் இருக்கும் கம்பியூட்டர்) காசு கட்டுகிறவர் ஒரே ஆள்; அவருக்கு வேலை, குடும்பம் என்று வந்ததும் பராமரிப்பு நின்றுவிடும். தளங்களை எழுதும் நிரல்மொழியான பி.எச்.பியின் 7ஆம் பதிப்பு 2015 டிசம்பரில் வந்தபோது, பழைய தளங்கள் தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்திய கட்டளைகளை நீக்கியது. சேர்வர்க்காரர் புதிய பதிப்புக்கு மாறினால், நிரலைத் திருத்தாத தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிடும். பக்கம் திறந்தாலும் கோப்பு இருக்குமென்றில்லை. பெரிய கோப்புகளைப் பலர் இலவசக் களஞ்சியங்களில் வைத்துவிட்டு இணைப்பை மட்டும் தளத்தில் போட்டார்கள். மெகாஅப்லோட் 2012 ஜனவரியில் முடக்கப்பட்டது, ரப்பிட்ஷேர் 2015 மார்ச் 31இல் மூடப்பட்டது. வீடியோக்களுக்குக் கீழே உள்ள பழைய இணைப்புகளில் பாதி வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஆபத்தான கட்டம் ஒன்று இருக்கிறது. காசு கட்டாத டொட் கொம் பெயர் நீக்கப்பட்ட பிறகு, பழைய உரிமையாளர் மீட்டெடுக்க 30 நாள் உண்டு. அதன்பின் மேலும் 5 நாள் கழிந்ததும் யாரும் வாங்கலாம். வாங்குகிறவர் அதே பெயரில் சூதாட்ட விளம்பரமோ வைரஸோ வைக்கலாம். ஆகவே பழைய முகவரி திறக்கிறதே என்று நம்பி எதையும் இறக்காதீர்கள். கார் மொட் கேட்ட இடத்தில் ஒரு இ.எக்ஸ்.இ கோப்பு (திறந்தால் தானே இயங்கும் மென்பொருள்) வந்தால் அதைத் திறக்கவே வேண்டாம்.

பாதுகாப்பான வழி, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபெக் மெஷின். அதில் பழைய முகவரியைக் கொடுத்து, தளம் கைமாறுவதற்கு முந்திய திகதி ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்தும் சிறு படங்களும் பெரும்பாலும் கிடைக்கும். பெரிய ஸிப் கோப்புகளும், லொகின் செய்து எடுக்கவேண்டியிருந்தவையும் பெரும்பாலும் கிடைக்காது.

அதனால்தான் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது பெறுமதியானது என்கிறோம். சான் அன்ட்ரியாஸில் ஒரு காருக்கு இரண்டு கோப்பு வேண்டும்: டி.எஃப்.எஃப் அதன் உருவம், டி.எக்ஸ்.டி அதன் வண்ணம். டி.எக்ஸ்.டி தவறினால் கார் வெள்ளையாக நிற்கும். கூடவே வரும் ரீட்மீ கோப்பைப் பலர் குப்பையென்று அழித்துவிடுகிறார்கள். அந்தக் கார் எப்படி ஓடவேண்டும் என்று கேமுக்குச் சொல்லும் ஹேண்ட்லிங் வரி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் புதுக் கார் பழைய காரின் எடையோடும் வேகத்தோடும் ஓடும். எந்தப் பதிப்புக்குச் செய்தது, பிறருக்குக் கொடுக்கலாமா என்பதையும் செய்தவர் அதில்தான் எழுதுவார். பழைய மொட்களில் அனேகமானவை கேமின் 1.0 பதிப்புக்கானவை, ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கேமில் போட்டால் அது திறக்காமலே போகலாம். கவுண்டர் ஸ்ட்ரைக் மேப்பும் இப்படித்தான்: மேப்பின் பி.எஸ்.பி கோப்போடு அது கேட்கும் டபிள்யூ.ஏ.டி கோப்பையும் (சுவர், தரைக்கான படங்கள்) எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மேப் ஏறும்போதே கேம் நின்றுவிடும். சான் அன்ட்ரியாஸில் மொட் போடுமுன் கேமின் மொடல்ஸ் ஃபோல்டரில் உள்ள ஜி.டி.ஏ 3 ஐ.எம்.ஜி கோப்பையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் புதிதாகப் போடக் கொண்டுவரும்போது சேவ் (எதுவரை விளையாடினீர்கள் என்று பதியும் கோப்பு) எங்கே என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். கேம் டி டிரைவில் இருந்தாலும் சான் அன்ட்ரியாஸ் சேவ் சி டிரைவின் டொக்கியுமென்ட்ஸில், 'யூசர் ஃபைல்ஸ்' என்று முடியும் ஃபோல்டரில் இருக்கும். சி டிரைவை அழித்தால் கேம் மிஞ்சும், விளையாடியதெல்லாம் போய்விடும். எட்டு சேவ்தான், மிகச் சிறிய கோப்புகள், போனிலேயே வைத்திருக்கலாம்.

உலாவியில் விளையாடிய ஃபிளாஷ் கேம்களுக்கு அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தக் கேமின் எஸ்.டபிள்யூ.எஃப் கோப்பு கையில் இருந்தால் 'ரஃபிள்' என்ற இலவச மென்பொருளில் பல ஓடும்.

ஸிப் கோப்புகளைப் பிரதி எடுத்ததும் 7-ஸிப் என்ற மென்பொருளில் 'டெஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். பிரதி எடுக்கும் நடுவில் கரண்ட் போனால் பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே பழுதாக இருக்கலாம். ஃபட் 32 வடிவிலான பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. அதை எக்ஸ்ஃபட் ஆக மாற்றித் தருவோம், அதற்குக் காசில்லை. மாற்றும்போது உள்ளிருப்பதெல்லாம் அழியும். ஆகவே படங்கள், பிள்ளைகளின் பாடக் கோப்புகள் இருந்தால் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்,
கிளிநொச்சி.